வெண்ணெய் போல இறங்கிய கிளட்ச்

தையலக்காவுக்குச் சைக்கிள் வராது. சிறு வயதில் அண்ணன்கள் இரண்டு பேரும் பின்னால் பிடித்துக்கொண்டு ஓடிவர, அவள் நேராகப் போய்ப் பால்காரர் மேல் ஏற்றினாள். பால் போனால் போகிறது, அந்த மனுஷருக்கு முழங்கையே போயிற்று. அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு டம்ளர் உருண்டு விழுந்தால்கூட, "அவளா?" என்றுதான் கேட்பார்கள். "இவளுக்குக் கைதான் உண்டு, கால் கிடையாது" என்பது அவள் அப்பாவின் தீர்ப்பு. கல்யாணமாகி வந்தபோது அந்தத் தீர்ப்பும் பெட்டி படுக்கையோடு கூடவே வந்தது.

கை உண்டு என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. மாடிப்படிக்கு அடியில் ஒரு அறை, அதில் இரண்டு தையல் மெஷின், ஒரு இஸ்திரி மேஜை, ஆள் உயரக் கண்ணாடி. ஆஸ்பத்திரி நர்சுகளின் கோட்டு, பள்ளிச் சீருடை, கடைப் பையன்களின் சட்டை எல்லாம் அங்கேதான் தயாராகும். துணி கிழிந்தாலும் அவள் அடித்த ஓரம் பிரியாது என்று வாடிக்கைக்காரர்கள் சொல்வார்கள். ஆனால் இருப்பதைப் பற்றி யாருக்குப் பெருமை வருகிறது? அவளுடைய பெருமையெல்லாம் இடது காலில் இருந்தது. தையலக்கா கார் ஓட்டுவாள்.

கற்றுக்கொடுத்தவர் கட்டிய புருஷன்தான். அவர் ஒரு டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டர். வீட்டிலும் வெளியிலும் அவருக்கு அதுதான் பெயர். ஊரில் பாதிப் பேர் ஒழுங்காகப் பிரேக் போடுவது அவர் சொல்லிக்கொடுத்ததால். மீதிப் பாதிப் பேர் போடாதது அவரிடம் படிக்காததால். ஸ்கூல்காரர்கள் ஒரு பழைய காரைக் கழித்துக்கட்டியபோது, அதை அவர் வீட்டுக்கு வாங்கி வந்து மனைவி பெயரில் பதிவு செய்தார். சாயம் போன வெள்ளை, ஒரு கதவுக்கு மட்டும் வேறு வெள்ளை. பள்ளி வண்டி என்பதால் அதில் கிளட்ச், பிரேக் இரண்டும் இரண்டு இரண்டு. ஓட்டுகிறவர் காலடியில் ஒரு ஜோடி, பக்கத்தில் உட்காரும் மாஸ்டர் காலடியில் ஒரு ஜோடி. இரண்டும் கம்பியால் கோத்திருக்கும், ஒரு பக்கம் இறங்கினால் மறுபக்கமும் இறங்கும். மாஸ்டர் தன் பக்கத்துக் கிளட்சை மிதித்தால், ஓட்டுகிறவர் பக்கத்துக் கிளட்சும் கூடவே கீழே போகும். "இதை எதுக்குங்க கழட்டாம வச்சிருக்கீங்க?" என்று அவள் ஒருமுறை கேட்டாள். "இருந்துட்டுப் போகட்டும், சோறா போடறோம்?" என்றார் அவர்.

முதல் சில நாட்கள் சொல்லும்படி இல்லை. வண்டி குதித்தது, அணைந்தது, கியர் பல்லைக் கடித்தது. வீட்டுக்கு வந்து தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, "அப்பா சொன்னது சரிதான், எனக்குக் கால் இல்லை" என்று அழுதாள். மறுநாள் வரமாட்டேன் என்றாள். மாஸ்டர் கெஞ்சிக் கூத்தாடி அழைத்துப் போனார். அன்றைக்குத்தான் அந்த அதிசயம் நடந்தது. காலை வைத்தாள், கிளட்ச் வெண்ணெய் போல இறங்கியது. கியர் சத்தமில்லாமல் விழுந்தது. வண்டி அலுங்காமல் குலுங்காமல் கிளம்பியது. அவள் அதற்குக் காரணமும் கண்டுபிடித்தாள். புது மெஷின் முதலில் நூலை அறுக்கும், பிறகு காலுக்குப் பழகிவிடும் அல்லவா? அதுபோல வண்டி தன் காலுக்குப் பழகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். தையல்காரி வேறு எப்படி நினைப்பாள்?

லைசென்ஸ் சோதனையிலும் அப்படியே. மாஸ்டர் பக்கத்தில், இன்ஸ்பெக்டர் பின் சீட்டில் கொட்டாவி விட்டபடி. ஒருமுறைகூட அணையவில்லை. லைசென்ஸைக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினாள். கிழவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உன் போட்டோதான்" என்று ஒத்துக்கொண்டார். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டே அவள் பல வருஷம் நிமிர்ந்து நடந்தாள்.

பிறகு எங்கே போனாலும் அவள்தான் ஓட்டுவாள். மாஸ்டர் பக்கத்தில் ராஜா மாதிரி உட்கார்ந்து வருவார். தனியாகப் போகிறேன் என்று அவள் சாவியை எடுத்தால், "எனக்கும் அந்தப் பக்கம் ஒரு வேலை இருக்கு" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுவார். அவருக்கு எல்லாப் பக்கமும் வேலை இருந்தது. பொண்டாட்டியைப் பிரிய மனமில்லாத மனுஷன் என்று அக்கம்பக்கத்துப் பெண்கள் கேலி செய்தார்கள். அவளுக்கும் அது கசக்கவில்லை.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில், மாஸ்டர் ஸ்கூல் வாசற்படியில் கால் தவறி விழுந்தார். கணுக்கால் முறிந்தது. இடது கால். மாவுக்கட்டு போட்டு, காலை ஊன்றவே கூடாது என்று அனுப்பினார்கள்.

"கவலைப்படாதீங்க, செக்கப்புக்கு நான் கூட்டிட்டுப் போறேன். இதுக்குத்தானே கத்துக்கிட்டேன்" என்றாள் தையலக்கா. மாஸ்டர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

செக்கப் நாளன்று அவரைப் பின் சீட்டில் கால் நீட்டி உட்கார வைத்தாள். காலுக்கு அடியில் தலையணை, தலைக்குப் பின்னால் தலையணை. முன்னால் வந்து உட்கார்ந்து, கண்ணாடியைச் சரிசெய்து, கிளட்சை மிதித்தாள். கல்லாக இருந்தது. முதல் கியர் கர்ரென்று கத்தியது. காலை எடுத்ததும் வண்டி ஒரு துள்ளு துள்ளி அணைந்தது. பின்னால் அவர் வலியில் பல்லைக் கடித்தார். மறுபடியும் முயன்றாள். மறுபடியும் அதே துள்ளல். தெருமுனைக்குப் போவதற்குள் வண்டி எத்தனை தரம் அணைந்தது என்று எண்ணிக்கொண்டிருந்தவர்கள் எதிர்வீட்டு மாடியில் இருந்தார்கள்.

"என்னங்க இது, பெடல் இப்படிக் கல்லா இருக்கு?"

பின் சீட்டில் அவர் தலையணையை நகர்த்தி வைத்துக்கொண்டார்.

"கிளட்ச் போயிருக்கும்மா. வண்டிக்கும் வயசாச்சுல்ல" என்றார் மாஸ்டர்.

மாஸ்டரே சொன்ன பிறகு அப்பீல் ஏது? ஆட்டோ பிடித்துப் போனார்கள். உள்ளே கால் நீட்ட இடமில்லாமல் கட்டுப்போட்ட காலை அவள் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். அடுத்த செக்கப்புக்குள் கிளட்சைச் சரிசெய்துவிட வேண்டும் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள். "விட்டுடு, நான் எழுந்ததும் பார்த்துக்கறேன்" என்று அவரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அவர் பேச்சை மீறி அவள் செய்த காரியங்கள் குறைவு. இது அதில் ஒன்று.

மெக்கானிக்கை எல்லோரும் கிரீஸ் அண்ணன் என்பார்கள். அவர் கை கழுவி யாரும் பார்த்ததில்லை. மாஸ்டரோடு சிறு வயதிலிருந்தே பழக்கம். தையலக்காவைத் தங்கச்சி என்றும், அந்த உரிமையில் மாஸ்டரை மச்சான் என்றும் கூப்பிடுவார். மறுநாள் காலை வந்து, "நான் ஷெட்டுக்கு ஓட்டிட்டுப் போறேன்" என்றார். "நானும் வர்றேண்ணே, என்ன கோளாறுன்னு கண்ணால பார்க்கணும்" என்று அவள் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டாள்.

வண்டி வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்த சீட்டில் அவள் உட்கார்ந்ததே இல்லை. காலை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அங்கே இருந்த இரண்டு பெடலும் இடத்தை அடைத்துக்கொண்டிருந்தன. இடது காலை அந்தக் கிளட்ச் மேலேயே லேசாக வைத்துக்கொண்டாள். அண்ணன் கியர் மாற்றினார். அவள் காலடியில் பெடல் தானாகக் கீழே இறங்கியது. அவள் மிதிக்கவில்லை. அது இறங்கியது, அவ்வளவுதான். வெண்ணெய் போல.

அதில் ஏதோ ஒன்று அவளை உறுத்தியது. என்னவென்று உடனே பிடிபடவில்லை. சந்தைத் தெருவைத் தாண்டும்வரை காலை எடுக்காமல் வைத்துக்கொண்டே வந்தாள்.

ஷெட்டில் இரண்டு வண்டி வயிறு திறந்து கிடந்தன. கிரீஸ் அண்ணன் தையலக்காவுக்கு ஒரு ஸ்டூலைத் துடைத்துப் போட்டு, அதை இன்னும் அழுக்காக்கினார்.

"எனக்குக் காட்டிச் செய்ங்கண்ணே. பிரிச்சுப் பார்க்காம எங்க தப்புன்னு நான் ஒரு சட்டைக்குக்கூடச் சொல்றதில்ல" என்றாள்.

வேலை தெரிந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எப்படி என்று யாராவது கேட்டுவிட்டால் வாயை மூட முடியாது. அண்ணனுக்கு அது முற்றிய நிலையில் இருந்தது. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு ஆரம்பித்துவிட்டார்.

"இங்க பாரு தங்கச்சி. கிளட்சைக் கையால அமுக்கறேன். கொஞ்ச தூரம் லொடலொடன்னு சும்மா போகுது, அப்புறம் பிடிக்குது. இந்த ஆட்டம் இருக்கணும். சுத்தமா இல்லாமப் போனாலும் தப்பு, ரொம்ப இருந்தாலும் தப்பு. இது சரியா இருக்கு. இப்போ என்ஜினை நிறுத்திட்டுக் கியர் போடறேன். எல்லாம் வழுக்கிட்டு விழுதா? அப்போ கியர் பெட்டியில கோளாறு இல்ல."

"ம்."

"இப்போ ஸ்டார்ட் பண்ணி, கிளட்சை அடிவரைக்கும் மிதிச்சு, கொஞ்சம் பொறுத்து ரிவர்ஸ் போடறேன். கத்துச்சுன்னா கிளட்ச் முழுசா விடலைன்னு அர்த்தம். கேளு."

கத்தவில்லை. பெடலை மிதிக்கும்போது உள்ளே ஏதாவது இரைகிறதா என்றும் கேட்கச் சொன்னார். இரையவில்லை.

"கடைசியா ஒண்ணு. ஹேண்ட் பிரேக்கை நல்லா இழுத்தாச்சு. மூணாவது கியரைப் போட்டுட்டுக் காலை மெதுவா எடுக்கறேன். ப்ளேட் நல்லா இருந்தா என்ஜின் டக்குன்னு செத்துடும். தேஞ்சு போயிருந்தா சாகாது, ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடிக்கிட்டு நிக்கும்."

காலை எடுத்தார். வண்டி ஒரு விக்கல் விக்கி, டக்கென்று செத்தது.

அண்ணன் முகத்தில் வேலை முடிந்த திருப்தி ஒரு கணம் இருந்தது. பிறகு ஏதோ ஞாபகம் வந்தவர்போல் முகம் மாறியது. இறங்கி, ஒரு துணியை எடுத்துக் கையைத் துடைத்துக்கொண்டார். அவர் கையைத் துடைப்பதே அபூர்வம்.

"ப்ளேட் போச்சு தங்கச்சி. மச்சான் எழுந்து வரட்டும், பொறுமையா இறக்கிப் பார்த்துக்கலாம். அதுவரைக்கும் நீ எடுக்காதே."

"செத்துச்சேண்ணே."

"எது?"

"என்ஜின். செத்தா ப்ளேட் நல்லா இருக்குன்னு நீங்கதானே இப்போ சொன்னீங்க."

கிரீஸ் அண்ணனுக்குப் பொய் சொல்லத் தெரியாது. தெரியாத வேலையை எடுத்துக்கொண்டதற்காக அவர் தன்னையே நொந்துகொண்டது முகத்தில் தெரிந்தது. திறந்து கிடந்த வண்டிகளில் ஒன்றின் வயிற்றை எட்டிப் பார்த்தார். அங்கேயும் அவருக்கு உதவி கிடைக்கவில்லை.

"மச்சான் போன் பண்ணாரும்மா. ப்ளேட் போச்சுன்னு சொல்லிடுன்னாரு. காரணம் கேட்காதேன்னாரு."

தையலக்கா எழுந்து வண்டியின் மறுபக்கம் போய்க் குனிந்தாள். வண்டி வீட்டுக்கு வந்த அன்று நாலு பெடலுக்கும் புது ரப்பர் போட்டவர் இந்த அண்ணன்தான். அவள் பக்கத்துக் கிளட்ச் ரப்பரில் வரிவரியான கோடுகள் இன்னும் அப்படியே இருந்தன. பக்கத்து சீட்டுக் கிளட்சில் கோடே இல்லை. மழுமழுவென்று தேய்ந்து, ஒரு ஓரத்தில் இரும்பு எட்டிப் பார்த்தது.

"அண்ணே, வர்றப்போ இந்த சீட்டுல உக்காந்து வந்தேன். நீங்க மிதிச்சீங்க, என் காலுக்கு அடியில அது தானா இறங்குச்சு" என்றாள். "அந்த இறக்கம் எனக்குப் புதுசு இல்லண்ணே. இத்தனை வருஷமா எனக்கு அப்படித்தான் இறங்கிட்டு இருந்துச்சு. நான் மிதிக்கிறேன்னு நினைச்சுட்டு இருந்தேன்."

அண்ணன் துணியை எடுத்து மறுபடியும் கையைத் துடைத்தார்.

"உங்களுக்கும் தெரியுமா?"

"ஒரு தடவை பின்னாடி உக்காந்து வந்தேன்ல, அப்போ பார்த்தேன். பாசத்துல செய்றாருன்னு விட்டுட்டேன் தங்கச்சி. வண்டியில ஒரு குறையும் இல்ல. பழைய வண்டிக்கு இதுதான் கனம். நீ முழுசா மிதிச்சா கியர் விழும்."

"அந்தப் பக்கத்துப் பெடலைக் கழட்டிடுங்க."

"மச்சான்கிட்ட ஒரு வார்த்தை..."

"வண்டி என் பேர்ல இருக்குண்ணே."

கழட்டினார். தேய்ந்த பெடலை அவளிடம் கொடுக்கலாமா வேண்டாமா என்று கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வண்டியை அவளே எடுத்தாள். வழியில் நின்றது, துள்ளியது, பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்துத் திட்டினார்கள். அவமானம் ஒரு பக்கம் பிடுங்கித் தின்றது. அதைவிட, முன்பு இந்தத் தெருவில் வழுக்கிக்கொண்டு போன நாட்களின் நினைப்பு அதிகமாகப் பிடுங்கியது. எதிர்வீட்டு மாடிக்காரர்கள் எத்தனை பேர் குனிந்து உள்ளே பார்த்திருப்பார்கள், எத்தனை பேர் சிரித்திருப்பார்கள்?

மாஸ்டர் ஜன்னலோரக் கட்டிலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். வண்டி துள்ளி வந்து நின்ற சத்தத்திலேயே அவருக்கு எல்லாம் புரிந்திருக்க வேண்டும். அவள் உள்ளே வந்ததும் எந்த முன்னுரையும் இல்லாமல் சொன்னார்.

"நீ அன்னிக்கு அழுதியேம்மா. ஒரு நாளைக்கு மட்டும் உதவி பண்ணுவோம், தைரியம் வரட்டும்னு நினைச்சேன். நீ அவ்வளவு சந்தோஷப்பட்டே. அப்புறம் காலை எடுக்க முடியல."

"லைசென்ஸ்?"

அவர் மாவுக்கட்டின் ஓரத்தைச் சுரண்டினார்.

"அப்போ லைசென்ஸும் உங்க காலுக்குத்தான் குடுத்தாங்க. அதைக் கொண்டுபோய் எங்கப்பாகிட்ட காட்டினேன். நீங்களும் பக்கத்துல நின்னு சிரிச்சீங்க."

"நீ நோகக் கூடாதுன்னுதான்..."

"ஸ்கூல்ல உங்ககிட்ட எத்தனை பொம்பளைங்க படிச்சாங்க? அவங்களும்தானே அழுதாங்க. அவங்களுக்கெல்லாம் காலை எடுத்தீங்கல்ல?"

மாஸ்டர் ஆமென்று தலையை ஆட்டினார். ஆட்டியிருக்க வேண்டாம் என்று பிறகு தோன்றியிருக்கும்.

"யாரு எவருன்னே தெரியாதவங்க. அவங்களுக்கு வந்துடும்னு நம்பினீங்க. எனக்கு மட்டும் வராதுன்னு முடிவு பண்ணிட்டீங்க. எங்கப்பாவாவது அதை முகத்துக்கு நேரா சொன்னாரு."

பதிலுக்கு நிற்காமல் அவள் தையல் அறைக்குப் போய்விட்டாள்.

மகள் வெளியூரில் இருந்தாள். அன்று மாலை தையலக்கா அவளுக்குப் போன் போட்டாள். "அப்பா கால் விஷயம் உனக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள். மகள் முதலில் முறிந்த காலைப் பற்றிப் பேசினாள். பிறகு நிறுத்தினாள். "ம்மா, அது... அப்பாதான் சொல்லாதேன்னாரு. நீ ஓட்டறப்போ எவ்வளவு அழகா இருப்பே தெரியுமா" என்றாள். தையலக்கா போனை வைத்துவிட்டாள். பெற்ற பெண்ணும் பின் சீட்டில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டுதான் வந்திருக்கிறாள்.

அதற்குப் பிறகு வீட்டில் எந்த நல்ல வார்த்தையும் அதன் இடத்தில் நிற்கவில்லை. குழம்பு நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லியிருக்கிறாரே, இருந்ததா? நீ இல்லாவிட்டால் இந்தக் குடும்பம் நின்றிருக்காது என்று சொன்னாரே, அதற்கு அடியில் யார் கால் இருந்தது? கடையில் ஒரு நர்ஸ் கோட்டைப் போட்டுப் பார்த்து, "அளவு கச்சிதமா இருக்கு அக்கா" என்றாள். தையலக்கா அவளைத் திருப்பி நிறுத்தி, தோளை இழுத்துப் பார்த்து, டேப்பை வைத்து மறுபடி அளந்தாள். பாவம், அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் விழித்தாள். ஏமாற்றியவர் காலில் கட்டோடு கிடந்தார். அவருக்குக் கஞ்சி கொடுத்து, முதுகு துடைத்து, கழிவறைக்குத் தோள் கொடுத்து அழைத்துப் போனாள். எதிலும் குறை வைக்கவில்லை. பேச்சு மட்டும் இல்லை. அவரும் கேட்டு வாங்கத் துணியவில்லை.

விடிந்ததும் கடை திறப்பதற்கு முன், சந்தைக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்துக்கு வண்டியை எடுத்துப் போவாள். தனியாக. கிரீஸ் அண்ணன் வண்டிக்குச் செய்த வைத்தியத்தை அவள் தன் காலுக்குச் செய்தாள். எங்கே கத்துகிறது, ஏன் கத்துகிறது? பாதிதான் மிதிக்கிறாள், அதனால் கத்துகிறது. மீதிப் பாதியை மிதிக்க அவள் கால் பழகவே இல்லை. அதை வேறொரு கால் செய்துகொண்டிருந்தது. எங்கே துள்ளுகிறது? வண்டி இழுக்கத் தொடங்கும் இடம் தெரியாமல் காலைச் சட்டென்று எடுக்கிறாள், அதனால் துள்ளுகிறது. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் மிதித்தபோதுதான் அந்த இடம் தட்டுப்பட்டது. பெடல் மேலே வரும் வழியில் ஓரிடத்தில் வண்டி லேசாகச் சிலிர்க்கும். அங்கே காலை நிறுத்த வேண்டும். முதல்முறை அது சரியாக அமைந்து வண்டி மெல்லக் கிளம்பியபோது, அவள் ஸ்டியரிங் மேல் தலையை வைத்து அழுதாள். சந்தோஷம்தான். ஆனால் அதைச் சொல்ல ஆளில்லை. முன்பென்றால் பக்கத்து சீட்டைத் திரும்பிப் பார்த்திருப்பாள்.

அடுத்த செக்கப் வந்தது. தலையணைகளோடு அவரைப் பின் சீட்டில் ஏற்றினாள். கியர் இரண்டு இடத்தில் கத்தியது. ஒரு சிக்னலில் வண்டி அணைந்தது, மறுபடி எடுத்தாள்.

ஆஸ்பத்திரி வாசல் ஒரு மேட்டின் மேல் இருக்கும். பாதி மேட்டில் ஒரு ஆம்புலன்ஸ் குறுக்கே நின்றதால் நிறுத்த வேண்டியதாயிற்று. பின்னால் ஒட்டினாற்போல ஒரு பெரிய வண்டி. உருண்டால் அதன் மேல்தான் மோத வேண்டும். ஹேண்ட் பிரேக்கை இழுத்தாள். ஆம்புலன்ஸ் நகர்ந்ததும் கிளட்சை மெல்ல விட்டு, அந்தச் சிலிர்ப்புக்குக் காத்திருந்தாள். வந்தது. பிரேக்கை இறக்கினாள். வண்டி ஒரு அங்குலம்கூடப் பின்னால் போகாமல் மேலே ஏறியது.

வாசலில் நிறுத்தி, கைத்தடியைக் கொடுத்து, அவரைக் கைத்தாங்கலாக இறக்கினாள். மாஸ்டரின் கண் கலங்கியிருந்தது.

"மேட்டுல நீ பிரமாதமா எடுத்தேம்மா" என்றார். "நிஜமாவே."

அவள் அவரைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற வாட்ச்மேனிடம் திரும்பினாள்.

"அண்ணே, மேட்டுல வண்டி எப்படி வந்துச்சு? பார்த்தீங்களா?"

அந்த மனுஷன் இப்படி ஒரு கேள்வியை வாழ்நாளில் எதிர்பார்த்திருக்க மாட்டான். வண்டியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான்.

"கொஞ்சம் அதிகமா உறுமுச்சும்மா. ஆனா பின்னால உருளல. நல்லாத்தான் எடுத்தீங்க."

"சரிண்ணே" என்றாள். அவள் முகம் மலர்ந்ததை மாஸ்டர் பார்த்தார்.

"நான் சொன்னதைத்தானே அவரும் சொல்றாரு" என்றார் தாழ்ந்த குரலில்.

"ஆமாங்க. அவர் சொன்னா நம்ப முடியுது" என்று சொல்லிவிட்டு, அவருக்குச் சக்கர நாற்காலி எடுத்து வர உள்ளே போனாள்.